சமாசனமும் சமத்துவமும்: யாழ்ப்பாணக் கல்வி நிறுவனங்களிற் சாதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

பாடசாலை வாங்கொன்றில் யார் இருக்கலாம், யார் இருக்கலாகாது என்பது இன்றைய மாணவருக்கு விந்தையான வினாவாகத் தோன்றலாம். எனினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நவீன சமூக வரலாற்றில் இது சிறு வினாவன்று. இதன் பொருட்டு அரசாங்கத்துக்கு விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. பிள்ளைகள் பாடசாலைகளிலிருந்து மறிக்கப்பட்டனர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. ஒரு மரப்பலகையின் மீது நிகழ்ந்த இந்தப் போராட்டத்தைச் 'சமாசனம்' என்னும் சொல்லால் அக்காலத்தவர் வழங்கினர். ஒரே பந்தியிலிருந்து உண்ணுதல் 'சமபோசனம்' எனப்பட்டது. இவ்விரு சொற்களும் இன்று வழக்கொழிந்துவிட்டன. அவை சுட்டிய பிரச்சினையும் ஒழிந்துவிட்டதா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

நிறுவனங்களில் நிலவும் சமத்துவமின்மையை ஆராயும்போது அதனை ஒற்றைத் தடையாகக் கருதுதல் பொருந்தாது. பாடசாலை, கோயில், தேநீர்க்கடை, அரச அலுவலகம் ஆகிய எந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும் அதன்கண் மூன்று நிலைகளை நாம் காணலாம். முதலாவது, உள்ளே வருவதற்கான உரிமை. இரண்டாவது, உள்ளே வந்தபின் ஏனையோருடன் ஒத்த நிலையில் இருப்பதற்கான உரிமை. மூன்றாவது, அந்நிறுவனத்தை நடத்துவதிற் பங்குகொள்ளும் உரிமை. இவற்றை முறையே வாசல், வாங்கு, பதவி எனச் சுருக்கமாகக் குறிக்கலாம். வாசல் திறக்கப்படும்போது சாதி மறைந்துவிடுவதில்லை. அது வாசலிலிருந்து வாங்குக்கும், வாங்கிலிருந்து பதவிக்கும் பின்வாங்கிச் சென்று ஆங்கே தன்னை மீண்டும் நிலைநிறுத்திக்கொள்கிறது. யாழ்ப்பாணப் பாடசாலைகளின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகிறது.

2. அடிமை நிலையும் அதன் எச்சங்களும்

ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமை யாழ்ப்பாணத்துச் சொத்துரிமை வழக்கங்களோடு அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. கோவியர், நளவர், பள்ளர் முதலியோர் அதிற் சொத்துடைமையின் ஒரு பகுதியாகவே நோக்கப்பட்டனர். பிரித்தானியர் ஆட்சியில், 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் விடுதலைபெற்றோர்க்கு நிலம் வழங்கப்படவில்லை. குடியிருந்த வளவும், இறக்கிய பனையும், நீரள்ளும் கிணறும் பிறருக்கே உரியனவாயிருந்தன. எனவே சட்டத்தால் நீங்கிய அடிமைத்தனம் நிலவுடைமையாலும் குடிமைத் தொழிற் கடப்பாடுகளாலும் வேறொரு வடிவிலே தொடர்ந்தது.

வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து பிரிவினரும் 'பஞ்சமர்' என ஒருங்கே குறிக்கப்பட்டனர். இவர்கள் மீது சுமத்தப்பட்ட கட்டுப்பாடுகள் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. பொதுக்கிணற்றில் நீரள்ளல், மேலாடை அணிதல், தேநீர்க்கடையிற் புகுதல், பேருந்தில் ஆசனத்தில் அமர்தல் ஆகியவையும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மறுக்கப்பட்டன. தேநீர் கொடுக்கப்பட்ட இடங்களிலும் அது கடைக்கு வெளியே, சிரட்டையிலோ போத்தலிலோ கொடுக்கப்பட்டது. புகையிலைத் தோட்டத்துக்குத் துலாமிதித்து நீரிறைக்கவும், பனையேறவும், பிணஞ்சுடவும் வேண்டிய உழைப்பு மலிவாகவும் தலைமுறை தலைமுறையாகவும் கிடைப்பதற்கு இக்கட்டுப்பாடுகள் துணைசெய்தன. கல்வி இவ்வொழுங்குக்கு ஊறு விளைவிக்கக்கூடியது. எழுத்தறிந்த பிள்ளை துலாவுக்குத் திரும்பமாட்டான். சமாசனத்துக்குக் காட்டப்பட்ட எதிர்ப்பை ஆசாரப் பற்றாக மாத்திரம் விளக்குவது போதாது என்பதற்கு இதுவே காரணமாகும்.

3. மிஷன் பாடசாலையும் சைவப் பாடசாலையும்

யாழ்ப்பாணத்தின் நவீன கல்வி வரலாறு மிஷனரிமாரின் வருகையோடு தொடங்குகிறது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் தமது பணியை ஆரம்பித்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவிற் பெண்கள் பாடசாலையும் தோன்றின. செமினரி 1855இல் மூடப்படும்வரை உயர்தர அறிவியலையும் தமிழையும் ஒருங்கே கற்பித்த நிறுவனமாக விளங்கியது. தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அதன் பயனாக வந்தவருள் ஒருவர்.

மனிதர் யாவரும் இறைவன்முன் சமம் என்பது மிஷனரிமாரின் போதனை. எனினும் நடைமுறையில் அவர்கள் சமரசம் செய்யவேண்டியவராயினர். தொடக்க காலத்தில் உயர்சாதி மாணவர் மிஷன் வளவினுட் சமைத்த உணவை ஏற்க மறுத்தனர். அவர்களுக்கு வேறாகச் சமைக்கும் ஏற்பாடுகளைச் செய்தே மிஷனரிமார் அவர்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ள முடிந்தது. ஊரிற் செல்வாக்குடையோர் வராவிடின் பாடசாலை நிலைபெறாது என அவர்கள் கருதினர். இதன் விளைவாக, ஆங்கிலக் கல்வியாற் கிடைத்த உத்தியோகங்களின் பெரும்பகுதி ஏற்கெனவே நிலமும் செல்வாக்கும் உடையோரையே சென்றடைந்தது. ஒடுக்கப்பட்ட மக்களிற் சிலர் மிஷன் பாடசாலைகளின் வழியே எழுத்தறிவு பெற்றனர் என்பதையும், அவர்களுட் சிலர் ஆசிரியராகவும் ஆயினர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அது விதிவிலக்காகவே இருந்தது.

மிஷன் கல்விக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தமிழ் உரைநடைக்கும், பாடநூலாக்கத்துக்கும், அந்நிய சமயச் செல்வாக்கை எதிர்த்த பண்பாட்டு விழிப்புணர்ச்சிக்கும் அவர் ஆற்றிய பணி அளப்பரியது. ஆயினும் அவர் முன்வைத்த சைவ ஆசாரம் சாதி ஒழுங்கை உள்ளடக்கியதாகவே அமைந்தது. 1888இல் உருவான சைவபரிபாலன சபையும், அதன் அரவணைப்பில் 1890இல் எழுந்த இந்துக் கல்லூரியும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் சைவப் பிள்ளைகளுக்குக் கல்வியை விரிவாக்கின. காலனித்துவத்துக்கு எதிரான பண்பாட்டு இயக்கமொன்று உள்ளக ஒடுக்குமுறை பற்றி மௌனஞ் சாதிப்பது யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரிய இயல்பன்று. எனினும் அம்மௌனத்தின் விலையை யார் கொடுத்தனர் என்பதை வரலாற்று மாணவர் கேட்டேயாகவேண்டும்.

4. மானியமும் சமாசனமும்

1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, சமய நிறுவனங்கள் நடத்திய பாடசாலைகளுக்கு அரசாங்கம் உதவிநன்கொடை வழங்கும் முறை வலுப்பெற்றது. பாடசாலையின் முகாமை தனியார் கையிலும், செலவின் பெரும்பகுதி பொதுப்பணத்திலுமாக அமைந்த இவ்வேற்பாடு பின்னாளில் எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. பொதுப்பணம் பெறும் நிறுவனம் பொதுமக்கள் யாவரையும் ஒப்ப நடத்தவேண்டும் எனக் கேட்பதற்கு இடமேற்பட்டது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தாய்மொழிக் கல்வியைக் கட்டாயமாக்கும் ஏற்பாடுகளை விரிவாக்கியபோது இக்கேள்வி இன்னும் கூர்மையடைந்தது. பிள்ளை பாடசாலைக்கு வந்தேயாகவேண்டும் எனச் சட்டம் கூறுமாயின், வந்த பிள்ளையை எங்கே இருத்துவது?

அக்காலத்திற் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்த பாடசாலைகளிலும் அவர்கள் நிலத்திலோ வகுப்பின் பின்புறத்திலோ ஒதுக்கி இருத்தப்பட்டனர். சேர்விடாப்பிலே பெயர் இருந்தது. வாங்கிலே இடம் இருக்கவில்லை. முகாமையாளர் அரசுக்கு அனுப்பிய கணக்கில் இப்பிள்ளைகளும் மாணவரே. மானியத்தின் பொருட்டு எண்ணப்பட்ட தலை, மதிப்பின் பொருட்டு எண்ணப்படவில்லை எனலாம். நிறுவனமொன்றின் சேர்க்கை எண்ணிக்கையை மாத்திரம் கொண்டு அதன் சமத்துவத்தை அளக்கலாகாது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்நிலையை எதிர்த்து எழுந்த குரல்கள் இரு திசைகளிலிருந்து வந்தன. 1920களில் ஜோவல் போல் முதலியோர் முன்னின்று இயக்கிய ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம், பாதிக்கப்பட்டோர் தாமே அமைப்பாகித் தம் உரிமையைக் கேட்டதன் தொடக்கநிலை வெளிப்பாடாகும். மறுபுறத்தில், 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலிய படித்த இளைஞரின் தலைமையில் தீண்டாமை ஒழிப்பைத் தனது இலட்சியங்களுள் ஒன்றாக அறிவித்தது. 1927இல் அவ்வியக்கத்தின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை இக்கருத்துக்களுக்கு வலுவூட்டியது. காங்கிரஸின் மகாநாடுகளிற் சாதி வேறுபாடின்றி ஒரே பந்தியில் உணவு பரிமாறப்பட்டது. இதனை இன்று நாம் சாதாரணமாகக் கருதலாம். அன்று அது உறவினரைப் பகைக்கும் செயலாக இருந்தது.

1929-30ஆம் ஆண்டுக் காலப்பகுதியில், உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் சகல பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்ற அரசாங்கப் பணிப்பு நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பு உடனே கிளர்ந்தது. பணிப்பை மீளப்பெறுமாறு விண்ணப்பங்கள் சென்றன. உயர்சாதிப் பெற்றோர் பிள்ளைகளை மறித்தனர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. வழக்கம் சமயாசாரத்தின் பகுதி, அதில் அரசு தலையிடலாகாது என்ற வாதமும், திடீர் மாற்றம் ஊரின் அமைதியைக் குலைக்கும் என்ற வாதமும் முன்வைக்கப்பட்டன. அமைதி என இங்கே கருதப்பட்டது யாருடைய அமைதி என்பதை அவ்வாதத்தினர் சிந்திக்கவில்லை. நிலத்திலிருந்த பிள்ளையின் மனத்தில் அமைதி இருந்ததா என எவரும் கேட்டாரல்லர்.

முகாமையாளரின் நிலையையும் நாம் பக்கச்சார்பின்றி நோக்கவேண்டும். பணிப்பை நிறைவேற்றினால் உயர்சாதிப் பிள்ளைகளின் வரவு குறையும். நிறைவேற்றாவிடின் மானியம் நிற்கும். இவ்விரண்டுக்குமிடையே அகப்பட்டோர் பலர் காலங்கடத்துவதையே வழியாகக் கொண்டனர். கொள்கையளவில் ஏற்றல், நடைமுறையிற் பிற்போடல் என்னும் இந்நெறி நிறுவனங்களுக்கு இயல்பானது. ஆயினும் மானியத்தின் நிபந்தனையாகச் சமாசனம் ஆக்கப்பட்டமையால், காலப்போக்கில் வாங்கு பொதுவாயிற்று. நல்லெண்ணத்துக்கு வேண்டுகோள் விடுத்தமையால் மாத்திரம் இது நிகழவில்லை. பணத்தோடு பிணைக்கப்பட்ட விதியும், அவ்விதியை விடாது வற்புறுத்திய மக்களும் சேர்ந்தே இதனைச் சாதித்தனர்.

5. வாக்குரிமையும் சட்டமும் வெகுசன இயக்கமும்

1931இல் டொனமூர் அரசியலமைப்பு இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் யாவருக்கும் வாக்குரிமையை வழங்கியது. அதற்கு முன்னர் குடிசனத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பேரே வாக்காளராயிருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பழைய தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர். வாலிபர் காங்கிரஸோ வேறு காரணத்தால், அதாவது பூரண சுயராச்சியம் வழங்கப்படாமையால், முதலாவது சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவியது. விளைவு, குடாநாட்டின் தொகுதிகள் 1934வரை வெறுமையாய்க் கிடந்தன. சமபோசனத்துக்கும் சமாசனத்துக்கும் குரல்கொடுத்தவர்களே, ஒடுக்கப்பட்ட மக்கள் முதன்முறையாகத் தம் வாக்கைப் பயன்படுத்தும் வாய்ப்பைப் பிற்போட்டனர் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். இலட்சியவாதிகளின் நேர்மையை இது குறைப்பதன்று. ஆனால் ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசுவதும் அவர்களோடு கலந்து முடிவெடுப்பதும் வேறுவேறு என்பதை இது காட்டுகிறது.

1940களில் அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை உருவாகியதோடு அமைப்புரீதியான செயற்பாடு புதிய கட்டத்தை அடைந்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கட்டணம் என்னும் தடையை நீக்கியது. 1956ஐ அடுத்த ஆண்டுகளில், வேறு பாடசாலைகளில் இடமறுக்கப்பட்ட கிராமங்களில் அரசாங்கப் பாடசாலைகள் பல திறக்கப்பட்டன. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உதவிநன்கொடைப் பாடசாலைகளின் பெரும்பகுதி அரசின் முகாமைக்குள் வந்தபோது, சாதிப் பாகுபாட்டுக்குத் துணைநின்ற தனியார் முகாமையின் அதிகாரமும் தளர்ந்தது.

1957இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம், சாதியைக் காரணங்காட்டிப் பாடசாலை, கடை, உணவகம், பொதுக்கிணறு, பொதுவாகனம், வழிபாட்டிடம், மயானம் முதலியவற்றில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. இதன் தண்டனை 1971இல் ஒரு திருத்தத்தாற் கடுமையாக்கப்பட்டது. எனினும் சட்டம் பிறந்து பல ஆண்டுகள் சென்றபின்னும் தேநீர்க்கடையின் உட்புறம் அம்மக்களுக்குத் திறக்கவில்லை. காவல் நிலையத்துக்குச் சென்று முறையிடவேண்டியவர், முறைப்பாட்டுக்கு இலக்கானவரின் வளவிலே குடியிருப்பவராயின் சட்டம் எவ்வாறு இயங்கும்?

இவ்விடைவெளியை நிரப்பியது வெகுசன இயக்கமே. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் பொதுவுடைமையாளர் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடத்திய ஊர்வலம் இதன் திருப்புமுனையாகும். அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாகியது. சாவகச்சேரி, சங்கானை, கரவெட்டிப் பகுதிகளிற் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன. அவற்றில் உயிர்கள் பலியாயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் வழிபாட்டுரிமை கோரி நின்றபோது, அவர்களைத் தடுத்தோரின் முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம். அவர் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியராகவும், சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தவர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. உயர்கல்வி தானாகவே சாதியைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை எத்துணை மேலோட்டமானது என்பதை இந்நிகழ்ச்சியிலிருந்து பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவராகிய நாம் சிறப்பாகக் கற்றுக்கொள்ளவேண்டும்.

6. வாங்கிலிருந்து பதவிக்கு

இனி மூன்றாம் நிலையை நோக்குவோம். வாங்கிலே இடம் பெற்ற பிள்ளை ஆசிரியராகவும் அதிபராகவும் நிர்வாகியாகவும் வரும்போதே நிறுவனம் அவருக்கும் உரியதாகிறது. இந்நிலையில் முன்னேற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. தனியார் முகாமைக் காலத்தில் ஆசிரியர் நியமனம் முகாமையாளரின் விருப்பைச் சார்ந்திருந்தது. அவ்விருப்பு உறவையும் ஊரையும் சமயத்தையும் சார்ந்திருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் ஆசிரிய தராதரப் பத்திரம் பெற்றாலும், தம் பிள்ளைகளுக்கு அவர் கற்பிப்பதை உயர்சாதிப் பெற்றோர் ஏற்கமாட்டார் என்பது நியமனத்தை மறுக்கப் போதிய காரணமாகக் கொள்ளப்பட்டது. அரச முகாமை இத்தடையைத் தளர்த்தியது. ஆயினும் தகுதி பெற்ற ஆசிரியர் பெரும்பாலும் தம் சொந்தக் கிராமத்துப் பாடசாலையோடு கட்டுப்படுத்தப்படும்போது, சேர்த்தல் என்பதே ஒதுக்கலின் மற்றொரு வடிவமாகிவிடும். தனிப் பாடசாலை உடனடித் தேவையை நிறைவேற்றியது. அதேவேளை அயற்பாடசாலையின் கதவைத் தட்டவேண்டிய அவசியத்தையும் அது குறைத்தது. இம்முரண்பாட்டை அக்கால இயக்கத்தவர் அறியாதவரல்லர். பட்டினி கிடப்பவர் பொதுப்பந்தி வரும்வரை காத்திருக்கலாகாது என்பதே அவர்தம் நிலைப்பாடாக இருந்திருக்கும்.

தொழிற்றுறையிலும் இதே படிநிலைகளைக் காணலாம். கள்ளிறக்குந் தொழிலில் உழைத்தோர் நளவரும் பள்ளரும். தவறணைக் குத்தகையின் பயனை அனுபவித்தோர் வேறு சிலர். 1970களிற் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இத்தொழிலின் விற்பனையைப் பொறுப்பேற்றபோது, உழைத்தோரே நிறுவனத்தின் உறுப்பினரும் நிர்வாகிகளுமாயினர். வருமானம் உயர்ந்தது, பிள்ளைகளின் கல்வியும் உயர்ந்தது. இகழப்பட்ட தொழிலே தொடர்ந்தபோதிலும், நிறுவனத்தின் ஆளுகை கைமாறியமையால் வாழ்வு மாறியது என்பது கவனிக்கத்தக்கது.

இலக்கியத் துறையும் ஒரு நிறுவனமே. கே. டானியல், டொமினிக் ஜீவா முதலியோர் பல்கலைக்கழகப் பட்டத்தோடு வந்தவரல்லர். 1966இல் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' அவர் தாமே ஆசிரியராக நின்று பல தசாப்தங்கள் நடத்திய ஏடாகும். டானியலின் 'பஞ்சமர்' நாவல் தேநீர்க்கடை, கோயிற் போராட்டக் காலத்தின் அநுபவங்களிலிருந்து எழுந்தது. இவர்களது எழுத்தை 'இழிசனர் வழக்கு' என மரபுவாதிகள் சிலர் ஒதுக்க முற்பட்டமையும், முற்போக்கு விமர்சகர் அதனை எதிர்த்து வாதிட்டமையும் ஈழத்து இலக்கிய வரலாற்றின் ஒரு கட்டமாகும். ஏட்டின் பக்கத்திலும் ஒரு வாங்கு உண்டு. அதிலும் சமாசனம் போராடியே பெறப்பட்டது.

7. அளக்கும் அலகு

சமத்துவத்தை அளக்கும் அலகு யாது என்ற வினா 1970களிற் பல்கலைக்கழக அனுமதியை முன்னிட்டு எழுந்தது. அக்காலத்து மாற்றங்களில் இருவேறு ஏற்பாடுகள் இருந்தன. பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதுகின்றனர். மொழிமூலத்தை அடிப்படையாகக் கொண்டு தமிழ்மொழி மாணவர் கூடிய புள்ளிகள் பெறவேண்டும் என ஆக்கியமையும், அதனைத் தொடர்ந்த மொழிவாரித் தரப்படுத்தலும் இனப்பாகுபாடுகள்; அவற்றை நியாயப்படுத்த இயலாது. 1974இற் புகுத்தப்பட்ட மாவட்ட ஒதுக்கீடோ பிரதேச வசதியின்மையை ஈடுசெய்யும் நோக்கைக் கொண்டது. யாழ்ப்பாணத்துக்கு அது இழப்பைத் தந்தபோதிலும், மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய பகுதித் தமிழ் மாணவருக்கும் வாய்ப்பளித்தது. இன்றும் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன.

ஆயினும் மாவட்டம் என்னும் அலகு அதன் உள்ளேயுள்ள வேறுபாட்டைக் காண்பதில்லை. யாழ்ப்பாண நகரின் பெருங்கல்லூரி மாணவரும், ஆய்வுகூடமற்ற கிராமப் பாடசாலையிற் பயின்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்து மாணவரும் ஒரே மாவட்டக் கணக்கிலேயே நிற்கின்றனர். தரப்படுத்தலால் தமிழ் மாணவர் அடைந்த இழப்பை நாம் நியாயமாகவே பேசினோம். அதே நியாயத்தை நமக்குள்ளே பேசினோமா? நமது நாட்டின் நவீன குடிசன மதிப்பீடுகள் சாதியை வினவுவதில்லை. எண்ணப்படாதவரின் இழப்பும் எண்ணப்படுவதில்லை. எண்ணினால் சாதி வளரும் என்பர். எண்ணாதிருந்தும் அது தேயவில்லை என்பதே அநுபவம்.

அரசியலமைப்பிலும் இவ்விடைவெளி உண்டு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, சாதியைக் காரணமாகக் கொண்ட பாரபட்சத்தைத் தடைசெய்கிறது. கடை, உணவகம், தம் சமய வழிபாட்டிடம் முதலியவற்றை அணுகுவதற்கான தடைகளையும் விலக்குகிறது. ஆனால் விசேட ஏற்பாடுகள் செய்யலாம் எனக் கூறும் பகுதியிற் பெண்கள், பிள்ளைகள், அங்கவீனர் ஆகியோரே பெயர் குறிக்கப்பட்டுள்ளனர். சாதியால் தாழ்த்தப்பட்டோர் குறிக்கப்படவில்லை. அடிப்படை உரிமை வழக்கும் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே அமைவது. தனியார் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் புரட்டுபவர் ஊரின் பெயரைக் கண்டு அதனை ஒதுக்குவாராயின் அவ்வழக்கு அவரைத் தொடுவதில்லை. சட்டம் வாசலைக் காக்கிறது. வாங்கை ஓரளவு காக்கிறது. பதவியை அது எட்டிப் பார்ப்பதில்லை.

8. முடிவுரை

1983இன் பின்னரான போர்க்காலம் சாதி பற்றிய பகிரங்கப் பேச்சை அடக்கியது. வெளிப்படையான ஒடுக்குமுறை குறைந்தது; ஆனால் பேசாமை தீர்வாகாது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தோரில், போர் முடிந்த பின்னரும் முகாம்களில் நீண்டகாலம் எஞ்சியிருந்தவர் பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்தினரே என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 2018இல் தென்மராட்சிக் கோயிலொன்றில், ஒடுக்கப்பட்டோர் வடம் பிடிப்பதைத் தவிர்க்கும் பொருட்டு மண் அகழும் இயந்திரத்தாற் தேர் இழுக்கப்பட்டதாக வெளிவந்த செய்தி பலரது கண்டனத்துக்குள்ளானது. மனிதக் கை வேண்டாம், இயந்திரமே போதும் என முடிவுசெய்யும் அளவுக்கு நவீனத்துவமும் சாதியும் உடன்வாழக்கூடியன என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்திற்று.

இதுவரை நோக்கியவற்றிலிருந்து மூன்று முடிவுகளை நாம் வகுக்கலாம். முதலாவது, நிறுவனச் சமத்துவம் தலைவர்களின் நல்லெண்ணத்தால் மாத்திரம் வந்ததில்லை. பொதுப்பணத்தோடு பிணைந்த நிபந்தனை, சட்டம், பாதிக்கப்பட்டோரின் அமைப்பு ஆகிய மூன்றும் கூடிய இடத்திலேயே அது வந்தது. இரண்டாவது, ஒவ்வொரு வெற்றியின் பின்னரும் ஒதுக்கல் அடுத்த அறைக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே வென்ற வாசலை மாத்திரம் காட்டிப் பெருமைப்படுதல் தகாது. மூன்றாவது, வெளியிலிருந்து நமக்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்க்கும் அறவலிமை, நம் உள்ளத்து அநீதியை எதிர்க்கும் அளவிலேயே நமக்கு உண்டாகும்.

எனவே நமது பாடசாலைகளும், பல்கலைக்கழகத் துறைகளும், கூட்டுறவுச் சங்கங்களும், ஆலய பரிபாலன சபைகளும், தமிழ்ச் சங்கங்களும் தம்மைத் தாமே வினவவேண்டிய வினாக்கள் எளியன. நம் வாசலிலே வராதவர் யார்? வந்தும் பின்வரிசையில் இருப்பவர் யார்? நிர்வாக மேசையைச் சுற்றியுள்ள கதிரைகளில் இதுகாறும் அமராதவர் யார்? 1930இல் எரிந்த பாடசாலைகளின் சாம்பல் எப்போதோ காற்றோடு போய்விட்டது. நிலத்திலிருந்து எழுந்து வாங்கிலே முதன்முறை அமர்ந்த அப்பிள்ளைகளின் பெயர்கள் நம் வரலாற்று நூல்களில் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் ஆசனம் எது என்பதே சமாசனப் போராட்டம் இன்னும் முடிவுறவில்லை என்பதை உணர்த்தும் அளவுகோலாகும்.